விக்டோரியா பொது மண்டபத்துக்கு நாடகம் திரும்புமா?

கேள்வி: ஆவடிக்காரன்

அனைவருக்கும் வணக்கம். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கும் ரிப்பன் மாளிகைக்கும் இடையில் நிற்கும் விக்டோரியா பொது மண்டபத்தைப் பற்றி நெடுநாளாக மனத்தில் கிடக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். கல்லூரிக்குப் போய்வந்த மூன்று ஆண்டுகளும் நாள்தோறும் புறநகர் ரயிலில் வந்து இறங்கி, மூர் மார்க்கெட் வளாகத்தின் வாசலைத் தாண்டும்போது அந்தச் செங்கல் கோபுரத்தைப் பார்த்திருக்கிறேன். ஒரு முறைகூட அதன் கதவு திறந்திருந்து பார்த்ததில்லை. மெட்ரோ வேலைக்காக முன்புறத்தை அடைத்திருந்த தகரத்தின் இடுக்கு வழியாக ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். மேல்தளத்து வளைவு ஒன்றின் அடியில் அரசங்கன்று முளைத்து, அதன் வேர் காரையைப் பிளந்துகொண்டு இரண்டு முழ நீளத்துக்குச் சுவரில் இறங்கியிருந்தது. அந்த வேருக்கு ஒரு சாண் தள்ளி, சுடுமண்ணில் செய்த பூவேலைப் பட்டை ஒன்று விளிம்புகூட உடையாமல் அப்படியே இருந்தது. அந்தக் காட்சி இன்றும் கண்ணில் நிற்கிறது.

2023இல் சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில் 32.62 கோடி ரூபாய் மதிப்பில் மண்டபத்தைப் புதுப்பிக்கும் பணி தொடங்கியது. தரைத்தளத்தில் காட்சிக்கூடம், மாடியில் நிகழ்த்துகலைக்கான அரங்கம் என்பதே அந்தத் திட்டம். என் கேள்வி கட்டடத்தைப் பற்றியது அன்று. தொலைதூர ரயில், புறநகர் ரயில், பார்க் நிலையம், பறக்கும் ரயில், மெட்ரோ, பேருந்து என்று நகரத்தின் எல்லாப் போக்குவரத்தும் வந்து கூடுகிற இடத்தில் ஓர் அரங்கம் இருந்தும், நாடகம் என்றாலும் கச்சேரி என்றாலும் நாம் ஏன் மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் ஓடுகிறோம்? தென்னிந்தியாவில் முதன்முதலில் சினிமா காட்டிய இடம் இது என்றும், 1897இல் எட்வர்ட்ஸ் என்பவர் காட்டினார் என்றும் படித்திருக்கிறேன். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகங்கள் இங்கேதான் அரங்கேறின என்றும் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் விளக்கு அணைந்தது எப்போது, எதனால்? பூங்கா நகரையும் ஜார்ஜ் டவுனையும் சேர்த்து ஒரு கலை வட்டாரமாக மீண்டும் உயிர்ப்பிக்க முடியுமா, அல்லது அது வெறும் ஆசைதானா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: பழைய சபா ரசிகன்

தம்பிக்கு வணக்கம். விளக்கு அணைந்த ஆண்டு 1936 என்பது என் கணக்கு. அதைச் சொல்வதற்கு முன்னால் விளக்கு ஏற்றப்பட்ட கதையைச் சொல்ல வேண்டும்.

இந்த மண்டபம் நாடகத்துக்காகக் கட்டப்பட்டதே அன்று என்பதை முதலில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நகரத்தின் பிரமுகர்கள் பொதுக்கூட்டங்களுக்கென்று ஒரு நகர மண்டபம் வேண்டும் என்று கூடிப் பேசிப் பணம் திரட்டினார்கள். 1883 டிசம்பரில் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். ராபர்ட் சிஸம் வரைபடம் போட்டார். நம்பெருமாள் செட்டியார் கட்டினார். விக்டோரியா அரசியின் பொன்விழாவை ஒட்டி அவர் பெயரே மண்டபத்துக்கு வைக்கப்பட்டது. 48 மீட்டர் நீளமும் 24 மீட்டர் அகலமும் கொண்ட அந்தச் செங்கல் உடம்பின் மேல், 34 மீட்டர் உயரக் கோபுரத்தின் தலையில், திருவாங்கூர்க் கோயில் கூரையைப் போலச் சரிந்த ஒரு தொப்பியை சிஸம் கவிழ்த்து வைத்தார். கீழே இத்தாலி, மேலே மலையாளம். சிஸம் கட்டிய மற்றக் கட்டடங்களை எல்லாம் பார்த்துவிட்டு வந்து இதைப் பார்த்தாலும் எனக்கு இதுவே பிடிக்கிறது.

1891இல் பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லுவின் தெலுங்கு நாடகக் குழு வந்து இந்த மண்டபத்தில் சில நாடகங்களை நடத்தியது. படித்தவர்கள், உத்தியோகத்தில் இருப்பவர்கள் மேடையேறி நடிப்பதை ஆச்சாரப்பன் தெருவிலிருந்து வந்த ஒரு பதினெட்டு வயது இளைஞர் பார்த்தார். அதுவரை தமிழ் நாடகம் என்றாலே முகம் சுளித்தவர் அவர். அந்த ஆண்டு ஜூலை முதல் தேதியே நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கிவிட்டார். அவர்தான் பம்மல் சம்பந்த முதலியார். 1893இல் சபையின் முதல் நாடகமான புஷ்பவல்லியும் 1895இல் மனோகராவும் இந்த மேடையில்தான் நடந்தன. 1902இல் சபை இந்த மண்டபத்துக்கே குடிவந்துவிட்டது.

அந்தக் குடிவருகையைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஆண்டுக்கு நான்கு நாள் வாடகைக்கு எடுத்து நடத்திவிட்டுப் போகிற குழுவுக்கும், மாலையில் நீதிமன்றம் முடிந்ததும் நேராக அங்கே வந்து ஒத்திகை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிற குழுவுக்கும் வேறுபாடு உண்டு. சபையில் வக்கீல்கள் இருந்தார்கள், டாக்டர்கள் இருந்தார்கள். சத்தியமூர்த்தி நடித்தார், பின்னாளில் நிதியமைச்சரான ஆர். கே. சண்முகம் செட்டியார் நடித்தார். பெண் வேடத்துக்கு சி. ரங்கவடிவேலு இருந்தார், சம்பந்த முதலியாருக்கு மேடையில் அவர் ஜோடியாக நின்றால்தான் நாடகம் என்று ஊர் பேசியது. விடிய விடிய நடந்துகொண்டிருந்த நாடகத்தை இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும் அளவுக்குச் சுருக்கியதும், பாட்டாகவே இருந்த பேச்சை வசனமாக மாற்றியதும் பெரும்பாலும் இந்தச் சபையின் காரியங்கள். அலுவலகம் போகிறவனின் மறுநாள் காலையை மனத்தில் வைத்துச் செய்த சீர்திருத்தங்கள் அவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதே காலத்தில், சென்ட்ரல் நிலையத்துக்கு அந்தப் பக்கம் வால்டாக்ஸ் சாலையில் ஒற்றவாடைக் கொட்டகை இருந்தது. (மதில் சுவர் கட்டிய செலவுக்காக விதிக்கப்பட்டு, கடைசிவரை வசூலாகாத ஒரு வரியின் பெயர் சாலைக்கு மட்டும் நிலைத்துவிட்டது.) அங்கே ஆடியவர்கள் நாடகத்தையே பிழைப்பாகக் கொண்ட கம்பெனிக்காரர்கள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், ஆர்மோனியம் என்று அது வேறொரு உலகம். கனவான்களின் மண்டபமும் கூத்தாடிகளின் கொட்டகையும் காலாற நடந்து போகிற தூரத்தில் இருந்தன. இவற்றோடு எஸ்பிளனேடில் பச்சையப்பன் மண்டபம், கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் கச்சேரிகள் நடந்த சௌந்தரிய மகால், அரண்மனைக்காரத் தெருவில் 1915இல் அன்னி பெசன்ட் கட்டிய கோகலே மண்டபம், பின்னாளில் 1952இல் எழுந்த ராஜா அண்ணாமலை மன்றம் ஆகியவற்றையும் வைத்துப் பாருங்கள். நீங்கள் கேட்கும் கலை வட்டாரம் யாரும் பெயர் வைக்காமலே இருந்திருக்கிறது. 1936இல் சபை தனக்கென்று மவுண்ட் ரோடில் கட்டடம் கட்டிக்கொண்டு போனது. குடியிருந்தவர் காலி செய்த வீட்டுக்கு விருந்தாளிகள் எத்தனை நாள் வருவார்கள்?

பதில் 2: திரைச்சுவடி

ஐயா எழுதியதை ரசித்துப் படித்தேன். கேள்வி கேட்டவர் சொன்ன சினிமா விவரத்துக்கு ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. 1897, எட்வர்ட்ஸ் என்பது பல புத்தகங்களில் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதால் நிலைபெற்ற செய்தி. பழைய நாளிதழ்களைத் தேடிப் பார்த்த ஆய்வாளர்கள் 1896 டிசம்பரிலேயே, மதராஸ் போட்டோகிராபிக் ஸ்டோர் என்ற கடையை நடத்திய ஸ்டீவன்சன் என்பவர் இதே மண்டபத்தில் சலனப் படங்களைக் காட்டியதாக எழுதியிருக்கிறார்கள். ஆள் எவராக இருந்தாலும் இடத்தில் மாறுபாடு இல்லை. பம்பாயில் லூமியேர் படங்கள் காட்டப்பட்டது 1896 ஜூலையில் என்பதை வைத்துப் பார்த்தால், சென்னை அதிக நாள் காத்திருக்கவில்லை.

அந்த மண்டபம் எவ்வளவு கூட்டத்தைத் தாங்கும் என்பதற்கும் அதே பருவத்தில் ஒரு சான்று கிடைக்கிறது. 1897 பிப்ரவரியில் மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தருக்கு இங்கே வரவேற்பு ஏற்பாடாயிற்று. உள்ளே இடம் கிடைக்காமல் வெளியே நின்ற ஆயிரக்கணக்கானவர்கள் கூச்சலிட, அவர் எழுந்து வெளியே வந்து ஒரு கோச்சு வண்டியின் மேல் ஏறி நின்று, கீதை தேரில் நின்று சொல்லப்பட்டதுபோல நானும் பேசுகிறேன் என்ற பொருள்படப் பேசினார். கூட்டத்தின் இரைச்சலில் அந்தப் பேச்சு முற்றுப்பெறவில்லை. சில நாள் கழித்து மண்டபத்துக்குள்ளேயே விரிவாகப் பேசினார். ஆக, அந்த முன்புற வெளியும் மேடையின் ஒரு பகுதியாகவே இருந்திருக்கிறது.

1936 என்று ஐயா சொல்வதை நான் முழுமையாக ஏற்கவில்லை. சபை போனதனால் கூட்டம் போகவில்லை. கூட்டம் போன திசையில் சபையும் போனது. 1913இல் மவுண்ட் ரோடில் எலெக்ட்ரிக் தியேட்டர் வந்தது. அடுத்த ஆண்டு அதன் அருகிலேயே ரகுபதி வெங்கையா கெயிட்டியைக் கட்டினார். நாடகத்துக்கு நாள் குறித்து, ஆள் சேர்த்து, ஒத்திகை பார்த்து ஆட வேண்டும். சினிமா தினமும் நடந்தது. அதுவரை சினிமாவும் நாடகமும் கூட்டமும் ஒரே மண்டபத்தை மாற்றி மாற்றி வாடகைக்கு எடுத்துக்கொண்டிருந்தன. சினிமா தனக்கென்று வீடு கட்டிக்கொண்ட அன்றே பொது மண்டபம் என்ற கருத்து பலவீனப்படத் தொடங்கியது. வெங்கையா தம் அடுத்த தியேட்டரான கிரவுனை மின்ட் தெருவில்தான் கட்டினார் என்பதால் ஜார்ஜ் டவுன் உடனே வெறிச்சோடிவிடவில்லை. ஆனாலும் மாலை உலா என்றால் மவுண்ட் ரோடு என்ற பழக்கம் அங்கிருந்துதான் பிறந்தது. 1895இல் ஓடத் தொடங்கிய மின்சார டிராம் 1953 ஏப்ரலில் நின்றபோது, ஜார்ஜ் டவுன் சந்துகளையும் இந்த வட்டாரத்தையும் இணைத்திருந்த மலிவான வண்டியும் போயிற்று.

பதில் 3: புத்தகக்கடை மகன்

நீங்கள் இருவரும் 1936, 1913 என்று பேசுகிறீர்கள். என்னைக் கேட்டால் 1985 என்பேன். எங்கள் அப்பாவுக்கு மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக்கடை இருந்தது. கடை என்று சொல்வது பெரிய வார்த்தை. ஒரு பலகை, அதன் மேல் நாற்பது ஐம்பது புத்தகங்கள், பின்னால் கூரை வரை கயிறு கட்டி அடுக்கிய மூட்டைகள். நாடகம் பார்க்க வருபவர்கள் முன்கூட்டியே வந்து எங்கள் வரிசையில் புத்தகம் புரட்டிக்கொண்டிருப்பார்கள் என்று தாத்தா சொன்னதாக அப்பா சொல்வார். அட்டை போன நாடகப் புத்தகங்களைத் தனிக் கட்டாக வைத்திருந்தார். அவற்றின் ஓரங்களில் பென்சிலால் "இங்கே அழ வேண்டும்", "படுதா" என்றெல்லாம் யாரோ நடிகர் குறித்து வைத்திருப்பார். அந்தப் பென்சில் எழுத்து உள்ள பிரதியை அவர் யாருக்கும் குறைத்துக் கொடுக்க மாட்டார்.

மூர் மார்க்கெட் 1900இல் திறந்தது. 1985 மே 30 அன்று தீயில் எரிந்தது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். மறுநாள் அப்பா என்னைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். நனைந்து எரிந்த காகிதத்தின் வாசனை சென்ட்ரல் வாசலிலேயே வந்துவிட்டது. செங்கல் வளைவுகள் மட்டும் நின்றன. அந்த இடத்தில்தான் இப்போது புறநகர் ரயில் முனையம் இருக்கிறது; ஆவடி நண்பர் நாள்தோறும் இறங்கியது எங்கள் வரிசை இருந்த மண்ணில்தான். கடைக்காரர்களுக்குப் பின்னால் அல்லிக்குளத்தில் இடம் கொடுத்தார்கள். அங்கே வேண்டியவர்கள் தேடி வந்தார்கள். போகிற போக்கில் வந்தவர்கள் வரவில்லை.

அதே ஆண்டில் இன்னும் இரண்டு காரியங்கள் நடந்தன. மண்டபம் நின்ற நிலத்துக்கு, மண்டபத்தை நிர்வகித்த அறக்கட்டளை பெற்றிருந்த 99 ஆண்டுக் குத்தகை 1985இல் முடிந்தது. அதற்குப்பின் வழக்கு நீண்டு, மண்டபம் மாநகராட்சியின் கைக்கு வந்து சேரக் கிட்டத்தட்டக் கால் நூற்றாண்டு ஆயிற்று. கோர்ட்டில் இருக்கும் வீட்டுக்கு யார் வெள்ளையடிப்பார்கள்? பின்புறம் பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த உயிரியல் பூங்காவும் வண்டலூருக்குப் போய், அந்த ஜூலையில் அங்கே திறக்கப்பட்டது. 1859இல் டிரெவல்யான் ஆளுநராக இருந்தபோது 116 ஏக்கரில் போட்ட தோட்டம் அது. இன்று மை லேடீஸ் கார்டன், நேரு விளையாட்டரங்கம் என்று துண்டு துண்டாகக் கிடக்கிறது. புலி பார்க்க வந்த குடும்பம் மூர் மார்க்கெட்டில் பொம்மை வாங்கும். பொம்மை வாங்க வந்தவன் மண்டபத்து வாசலில் ஒட்டிய நோட்டீஸைப் படிப்பான். நாடகம் நின்ற பிறகும் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் 1985 வரை இருந்தது. அதற்குப்பின் அந்த நடைபாதையில் எல்லோரும் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களாகவே ஆகிவிட்டார்கள்.

பதில் 4: விளக்குக்காரர்

நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மேடைக்கு ஒளியமைப்புச் செய்கிறவன். வரலாற்றை நீங்கள் பேசிவிட்டீர்கள். நான் தொழிலிலிருந்து சில விஷயங்களைச் சொல்கிறேன். எந்த அரங்கத்தைப் புதுப்பித்தாலும் எங்களுக்கு எழும் முதல் கேள்வி, சாமான் வண்டி எங்கே நிற்கும் என்பதுதான். ஒரு நடுத்தர நாடகத்துக்கே ஒரு வேன் நிறையத் தட்டிகள், படுதா, விளக்குகள், கேபிள் சுருள்கள், உடுப்புப் பெட்டிகள் இருக்கும். இந்த மண்டபத்தில் மேடை மாடியில் அமையும் என்றால், அவ்வளவையும் யார், எந்தப் படிக்கட்டில், எத்தனை மணிக்கு ஏற்றுவது? பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் பகலில் ஐந்து நிமிடம் வேனை நிறுத்திப் பாருங்கள், தெரியும். பின்பக்கமாகச் சாமான் ஏற்ற வழியும் ஒரு சரக்கு லிப்டும் இல்லாவிட்டால், அங்கே வீணைக் கச்சேரியும் சொற்பொழிவும் நடக்கும், நாடகம் நடக்காது.

அடுத்தது கட்டடத்தின் வயது. பாரம்பரியக் கட்டடத்தில் சுவரில் ஓர் ஆணி அடிக்க முடியாது, அடிக்கவும் கூடாது. ஆகவே விளக்குக் கம்பிகளைச் சுவரிலும் உத்திரத்திலும் தொங்கவிடாமல், தரையில் நின்று தன் எடையைத் தானே தாங்கும் இரும்புச் சட்டம் ஒன்றை மேடையைச் சுற்றி நிரந்தரமாக அமைக்க வேண்டும். வெளியூரில் புதுப்பித்த ஒரு பழைய மண்டபத்தில் நான் வேலை செய்தபோது, சுவரெல்லாம் பளபளவென்று இருந்தது. மேடைக்குப் பின்னால் போனால், ஒப்பனைக்கு ஒரே அறை, அதில் ஒரே ஒரு பிளக் பாயின்ட். எட்டுப் பெண்கள் ஒரு கண்ணாடி முன்னால் வரிசையில் நின்றார்கள். விளக்கின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மருக்கு மின்சாரம் எடுக்க வராந்தா வழியாக அறுபது மீட்டர் கேபிள் இழுத்தேன். திறப்புவிழாப் புகைப்படத்தில் இவை எதுவும் விழவில்லை.

ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எழும்பூரில் இதே நம்பெருமாள் செட்டியார் கட்டி 1896இல் முடித்த மியூசியம் தியேட்டர் இன்றும் நடப்பில் இருக்கிறது. அங்கே இருக்கைகள் அரைவட்டமாகப் படியிறங்கி மேடையைச் சூழ்ந்திருப்பதால், மைக் இல்லாமலே நடிகரின் குரல் பின்வரிசைக்குப் போகும். விக்டோரியா மண்டபம் அப்படி அன்று. நீளவாக்கில் ஒரு பெரிய கூடம், மேலே மரத்தாலான கேலரி. கூடத்துக்கு 600 பேர், கேலரியில் 200 பேருக்கு மேல் என்பது பழைய கணக்கு. இரு பக்கமும் வளைவுகளோடு கூடிய தாழ்வாரங்கள் காற்றுக்காக வைத்தவை. 1890களில் அந்த வளைவுகளின் வழியாகக் காற்றும் குதிரை வண்டிச் சத்தமும் வந்திருக்கும். இன்று வருவது ஏர் ஹாரன். அடைத்துக் குளிரூட்டினால் சத்தம் குறையும், ஆனால் கட்டடத்தின் மூச்சு நின்றுவிடும். இதற்கு நடுவழி உண்டு. கனமான திரைகளும் உள்பக்கம் இன்னொரு கண்ணாடிக் கதவும் போட்டு, சுவரைத் தொடாமல் செய்யலாம். 800 பேர் உட்காரும் கூடம் என்ற ஆசையை விட்டுவிட்டு, 300 பேருக்கு மட்டும் இருக்கை போட்டு மேடையைக் கூடத்தின் நடுவுக்கு இழுத்துவிட்டால், குரலும் கேட்கும், கூட்டமும் நிறைந்ததாகத் தெரியும். இன்று தமிழ் நாடகத்துக்கு 300 டிக்கெட் விற்பதே பெரிய காரியம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

சபா ரசிகர் ஐயா சொன்ன குடியிருப்பு விஷயத்தில் அவர் பக்கமே நான். ஒரு குழுவுக்கு ஓர் ஆண்டுக்கு மண்டபத்தைக் கொடுத்து, ஒத்திகைக்கும் சாமான் வைப்பதற்கும் அறை ஒதுக்கி, மாதத்துக்கு இத்தனை காட்சி நடத்த வேண்டும் என்று ஒப்பந்தம் போடலாம். நாள் வாடகைக்கு மட்டும் விட்டால், முதல் ஆறு மாதத்தில் அங்கே கல்யாண வரவேற்பு நடக்கும்.

ஆவடிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. நான் நினைத்ததைவிட நிறையக் கிடைத்தது. எங்கள் வரிசை இருந்த மண்ணில்தான் நீ இறங்கினாய் என்று புத்தகக்கடை நண்பர் எழுதியதைப் படித்தபின், நேற்று மாலை அந்த முனையத்தில் இறங்கி ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். வால்டாக்ஸ் சாலை வழியாக யானைக்கவுனி வரை போய், மின்ட் தெருவில் திரும்பி, கோவிந்தப்ப நாயக்கன் தெருவைத் தாண்டி, எஸ்பிளனேடு வழியாக மீண்டும் சென்ட்ரலுக்கு வர எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. கூட்டத்தில் நின்று நின்று போனதால் அவ்வளவு. இரவு எட்டரைக்கு ஜார்ஜ் டவுன் கடைகள் ஷட்டரை இறக்கத் தொடங்கிவிடுகின்றன. ஒன்பதுக்கு மின்ட் தெருவில் பால் கடையும் சௌகார்பேட்டையின் சாட் வண்டிகளும் மட்டும்தான் வெளிச்சமாக இருந்தன.

அப்போதுதான் ஒரு சிக்கல் தோன்றியது. ஏழு மணிக்கு நாடகம் தொடங்கினால் ஒன்பதரைக்கு முடியும். ஆவடி, திருவள்ளூர்ப் பக்கத்துக்காரர்கள் அதற்கு மேல் சாப்பிட்டுவிட்டு வீடு போய்ச் சேரப் பன்னிரண்டாகும். மெட்ரோவும் பதினொன்றோடு முடிகிறது. முன்கூட்டி ஐந்தரைக்குத் தொடங்கினால் அலுவலகம் போகிறவர்கள் வர முடியாது. சுற்றிலும் உட்கார்ந்து பேச ஓர் இடமாவது இரவில் திறந்திருக்க வேண்டாமா? இன்னொரு கேள்வியும் உண்டு. அந்த மேடையில் முதல் நாடகமாக எதைப் போட வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? மனோகராவையே மறுபடியும் போட வேண்டும் என்று யாராவது சொல்வார்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

பழைய சபா ரசிகன்

நான் அப்படிச் சொல்ல மாட்டேன், தம்பி. சம்பந்த முதலியாரின் மேல் எனக்கு உள்ள மரியாதைக்குக் குறைவில்லை; 1959இல் பத்மபூஷண் வாங்கும் வரை வாழ்ந்து, 90க்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதியவர். ஆனால் அந்த மண்டபம் அவருக்குத் திறந்திருந்த நாளிலும், வால்டாக்ஸ் சாலைக் கொட்டகைக்காரர்களைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தது. கனவான்கள் நடித்தால் கலை, கம்பெனிக்காரன் நடித்தால் பிழைப்பு என்ற எண்ணம் அன்று சபைக்காரர்களிடம் இருந்தது.

ஆகவே முதல் இரவை மதுரைப் பக்கத்திலிருந்து ஸ்பெஷல் நாடகக்காரர்களை வரவழைத்து அவர்களுக்குக் கொடுங்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த வள்ளி திருமணத்தை இன்றும் கோயில் திருவிழாக்களில் ஆடுகிறார்கள். அவர்களுக்குச் சீன் லாரி வேண்டாம். விளக்குக்காரர் தம்பி சரக்கு லிப்டுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். ஒரு ஆர்மோனியம், ஒரு மிருதங்கம், ஒரு டோலக், நான்கு உடுப்புப் பெட்டிகள், அவ்வளவுதான். மாடிப் படியில் தலையிலேயே தூக்கிக்கொண்டு ஏறிவிடுவார்கள். உங்கள் கடைசி ரயில் கவலைக்கும் அவர்களிடம் விடை உண்டு. அவர்கள் இரவு பத்து மணிக்குத்தான் ஆர்மோனியத்தைத் திறப்பார்கள். பபூன் வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போவதற்கே பன்னிரண்டு ஆகும். வள்ளி தினைப்புனத்துக்கு வரும்போது மணி ஒன்றைத் தாண்டியிருக்கும். பிறகு அவளுக்கும் வேடனாக வந்த முருகனுக்கும் நடக்கிற தர்க்கத்தை யாரும் கடிகாரம் பார்த்துக் கேட்பதில்லை. கல்யாணம் முடிந்து மங்களம் பாடும்போது விடியற்காலை நான்கு ஆகிவிடும். புறநகர் ரயிலும் ஏறக்குறைய அந்த நேரத்துக்குத்தான் ஓடத் தொடங்குகிறது.